‘வாங்கல’ வேறு, ‘திங்கல’ வேறு: சேர்வராயன் மலையில் ஒரு களப்பயிற்சி

தினமும் காலையில் முதல் வேலை அந்தக் கருவியைச் சோதிப்பதுதான். ஹீமோகுளோபின் பார்க்கும் கையடக்கக் கருவியை மேசையில் வைத்து, சின்னப் புட்டியிலிருந்து சோதனைத் திரவம் ஒரு சொட்டு விடுவார்கள். புட்டியில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் வந்தால்தான் அன்றைக்கு ஊருக்குள் போவது. ஒரு நாள் வரவில்லை. முந்தின நாள் மூட்டத்தில், ரத்தச் சொட்டை ஏற்றும் சோதனைப் பட்டைகள் இருந்த டப்பாவின் மூடி சரியாக மூடாமல் ஈரம் ஏறியிருந்தது. அந்த டப்பாவையே ஒதுக்கிவிட்டுப் புதிது உடைத்தார்கள். அரை நாள் போனது. அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

அதே மேசைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த நான்கு மாணவர்கள் அந்த மலையில் கேட்ட கேள்வி, பெற்ற பதில் எல்லாமே என் வாய் வழியாகப் போய் வந்தவை. கருவியைச் சோதித்தவர்கள் முதல் நான்கு வாரம் என்னைச் சோதிக்கவே இல்லை. சோதித்தபோது நான் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஊர்ப் பெயர், ஆட்பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் எதையும் சொல்லவில்லை. சேலத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன் என்பது மட்டும் போதும்.

ஏன் வந்தார்கள்

அமெரிக்காவில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 2016-ல் விதிகளைத் திருத்தியது. அதன்படி மாணவர்கள் வகுப்புக்கு வெளியே ஓர் அமைப்போடு வேலை செய்து, அந்த அமைப்புக்குப் பயன்படுகிற மாதிரி குறைந்தது இரண்டு ஆக்கங்களையாவது முடித்துக் காட்ட வேண்டும். அறிக்கையாக இருக்கலாம், பயிற்சிக் கையேடாக இருக்கலாம். சொந்த ஊரிலேயே இதைச் செய்யலாம். ஆனாலும் வெளிநாட்டுக்குப் போக ஆசைப்படுபவர்கள் நிறைய. தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது, துறையும் தனியாக இருக்கிறது, பார்க்க வேண்டும் என்பார்கள். உண்மையான காரணத்தில் ஏற்காட்டுக் குளிருக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம்.

எங்களுக்கும் தேவை இருந்தது. மலைக் கிராமங்களில் பெண்களின் ரத்தசோகை பற்றி எங்கள் கையில் இருந்தவை பழைய பதிவேடுகள்தான். இதை ஆராய்ச்சியாகச் செய்யாமல் எங்கள் வேலைத்திட்டத்துக்கான மதிப்பீடாகவே வைத்துக்கொண்டோம். வெளிநாட்டுக் கூட்டோடு மருத்துவ ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழு மட்டும் போதாது, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். ஆறு வாரம் தங்க வருகிறவர்களை வைத்துக்கொண்டு அது நடக்காது. விரலில் குத்துவது எங்கள் ஆய்வகப் பெண்ணின் வேலை, மாணவர்கள் ஊசியைத் தொடக்கூடாது என்றும் முதலிலேயே பேசிக்கொண்டோம்.

வந்து இறங்கிய அன்றே ஒரு வேடிக்கை. ஒப்புதல் படிவத்தை அங்கிருந்தே மொழிபெயர்த்து, அச்சடித்து, கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மலையாள எழுத்து. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு ‘மலையாளி’ என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் மொழித் தொடர்பு கிடையாது. பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் பழங்கதையும் அவர்களிடம் உண்டு. நால்வரில் ஒருத்தியான மாணவி முகம் சிவந்து நின்றாள். நான் சிரித்துவிட்டேன். நான்கு வாரம் கழித்து அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது.

யார் வீட்டில் இருந்தார்கள்

அவர்கள் கோடை விடுமுறை ஜூனில் தொடங்குகிறது. நம் மலையில் அது மழைக்காலம். காப்பிப் பழம் பறிப்பு நவம்பர் கடைசியில் சூடுபிடித்து பிப்ரவரி வரை போகும். ஜூன், ஜூலையில் தோட்டங்களில் களை வெட்டு, உரம் வைப்பு. வேலை குறைவென்று சில குடும்பங்கள் குடகுப் பக்கம் போயிருந்தன. மிச்சம் இருந்த பெண்களும் காலை ஏழரைக்குத் தூக்குவாளியோடு கிளம்பினால் திரும்ப மாலை ஐந்தாகிவிடும்.

நாங்கள் போனது காலை பத்து மணிக்கு. கதவைத் தட்டினால் பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், உடம்பு முடியாமல் படுத்திருந்தவர்கள். முதல் வாரக் கணக்கை அன்றிரவு கணினியில் போட்டுப் பார்த்த மாணவன் ஒருவனுக்கே இது உறைத்துவிட்டது. “வேலைக்குப் போகிற பெண் ஒருவர்கூட இதில் இல்லையே” என்றான். அதன்பின் மாலை ஐந்தரைக்கு மேல்தான் வீடுகளுக்குப் போனோம். அடுப்பு மூட்டும் நேரம், பிள்ளைகள் பசியோடு கத்தும் நேரம், மின்சாரம் போகும் நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பெண்ணை முக்கால் மணி நேரம் உட்கார வைப்பது எளிதல்ல. ஆனால் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தோம். கால் முழுக்க அட்டைக் கடியோடு திரும்பி வந்தோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உப்பு டப்பா இல்லாமல் மாணவர்கள் வெளியே இறங்கவே மாட்டார்கள்.

ஒரு வீடு

ஜூலையில் ஒரு மாலை. ஓட்டு வீடு, முன்னால் சின்னத் திண்ணை, ஓரமாக சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பதுக்குப் பக்கம் வயதிருக்கும். தோட்டத்திலிருந்து வந்து முகம் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. கை சில்லிட்டிருந்தது. குளிர்ந்த விரலில் குத்தினால் ரத்தம் சுரக்காது. பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்து அளவு தப்பும். எங்கள் ஆய்வகப் பெண்ணுக்கு இது பழகிப்போன விஷயம். “அக்கா, காப்பி போட்டீங்கன்னா அந்தத் தம்ளரைக் கொஞ்ச நேரம் ரெண்டு கையிலயும் புடிச்சிட்டு இருங்க” என்றாள். வெல்லம் போட்ட வரக்காப்பி வந்தது. அந்த அம்மா தம்ளரை உருட்டி உருட்டிப் பிடித்திருந்தார். பிறகு நடுவிரல் ஓரத்தில் ஒரு குத்து. முதல் இரண்டு சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு, தானாக ஊறிவந்த அடுத்த சொட்டில் பட்டையின் முனையைத் தொட்டாள். ஒரே இழுப்பில் நிறைந்தது. அந்த நாலு பேரும் அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டதில் மிக நல்ல பாடம் அந்தத் தம்ளர்தான் என்று நினைக்கிறேன்.

அதன்பின் கேள்விகள். நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்ற பகுதி. பெண்களின் உணவில் எத்தனை வகை இருக்கிறது என்று பார்க்க உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்த முறை அது. தானியம், பருப்பு, முட்டை, கீரை, பழம் என்று மொத்தம் பத்து வகை. அவற்றில் குறைந்தது ஐந்து வகை ஒரு நாளில் வந்திருந்தால் உணவு ஓரளவு தேவலை என்று கொள்வார்கள். ‘நேற்று முழுக்கச் சொல்லுங்கள்’ என்று கதையாகவும் கேட்கலாம், பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகவும் கேட்கலாம். நேரம் மிச்சமாகும் என்று மாணவர்கள் பட்டியலை எடுத்திருந்தார்கள்.

“கீரை சாப்பிட்டீங்களா?”

“கீரையெல்லாம் வாங்கலீங்க.”

நான் ‘இல்லை’ என்றேன். மாணவி கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

“உண்டாயிருந்தப்போ சத்து மாத்திரை சாப்பிட்டீங்களா?”

“நர்சம்மா குடுத்தாங்க.”

நான் ‘ஆமாம்’ என்றேன். அங்கே ஒன்று.

உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, போன வருசமும் இப்பிடித்தான் யாரோ வந்து வெரலைக் குத்தி எழுதிட்டுப் போனாங்க. யாருக்கு ரத்தம் கம்மி, யாருக்கு ஜாஸ்தின்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. இந்தப் புள்ளைங்களாச்சும் சொல்லுமா?” என்றார். மாணவி என் முகத்தைப் பார்த்தாள். “போன வருடமும் இப்படி ஒரு குழு வந்ததாம்” என்று மட்டும் சொன்னேன். விருந்தாளி முகம் வாடக்கூடாதே என்ற நினைப்பு. மாமியார் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டேன்.

மலைப் பெண் ஒருத்தி கேட்டபோது

நான்காவது வாரம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள், மலையாளிக் குடும்பம். மாணவர்களில் ஒருவன் தன் பேராசிரியரிடம் மின்னஞ்சலில் திட்டு வாங்கியிருந்தான்: மொழிபெயர்த்த பதிலை வேறொருவரை வைத்து மறுபடி சரிபார்த்தீர்களா என்று. எனவே அனுமதி கேட்டுப் பதிவு செய்திருந்த சில பேட்டிகளை அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டி, அவளைத் தனியாக எழுதச் சொன்னான். நான் எழுதியதையும் அவள் எழுதியதையும் பக்கத்தில் வைத்தார்கள்.

அந்த வீட்டுப் பதிவில் நிறுத்தினாள். “சார், பெரியம்மா ‘வாங்கல’ன்னுதான சொல்றாங்க. ‘திங்கல’ன்னு சொல்லலயே.”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவளே விளக்கினாள். காப்பிச் செடிக்கு நடுவே களை வெட்டும்போது முளைத்திருக்கும் மணத்தக்காளி, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை எல்லாவற்றையும் முந்தியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ராகிக்களிக்குச் சாறு அதில்தான். அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ‘கீரை’ என்று பட்டணத்துக்காரர் ஒருவர் கேட்டால், சந்தையில் கட்டாக விற்பதைத்தான் கேட்கிறார் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார். சேலம் அம்மாபேட்டையில் வளர்ந்த எனக்கும் கீரை என்றால் காலையில் கூடையில் வருவதுதான். இருவரும் தமிழ்தான் பேசினோம்.

மாத்திரையும் அதேபோல. “குடுத்தாங்கன்னா குடுத்தாங்க, அவ்ளோதான் சார். முழுங்குனாங்களான்னு நீங்க கேக்கவே இல்ல.” மறுநாள் அதே வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கடைசிப் பிள்ளையின்போது கொடுத்த சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதியில் நிறுத்தியிருக்கிறார். நிறுத்தியதைச் சொன்னால் நர்சம்மா திட்டுவார் என்று சொல்லவில்லை. இரும்பு மாத்திரைக்கு மலம் கறுப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்று தினம் ஒன்றாகச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. எத்தனை கொடுத்தார்கள் என்று பதிவேட்டில் இருக்கும். எத்தனை உள்ளே போனது என்பதற்குப் பதிவேடு கிடையாது. அந்தக் கணக்கை எடுக்கத்தான் நாங்கள் போனோம். நான் அதில் மறுபடியும் பதிவேட்டின் பதிலையே எழுத வைத்திருந்தேன்.

சாப்பிட்ட நாட்களிலும் விடியற்காலை வரக்காப்பியோடு போட்டுக்கொண்டதாகச் சொன்னார். காப்பியில் இருக்கும் சில சேர்மங்கள் இரும்பைக் குடலில் உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட செடி இன்று அந்த மலையில் கூலியும் தருகிறது, காலை ஆகாரமும் ஆகிவிட்டது. மாத்திரையை மதியச் சோற்றுக்குப் பிறகு, இரும்பு உடம்பில் சேர உதவும் கொய்யாவோ நெல்லிக்காயோ கடித்துக்கொண்டு போடுங்கள் என்று ஆய்வகப் பெண் சொன்னாள். இரண்டும் மரத்தில் இருக்கின்றன, வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது விஷயம் மாமியார் பேச்சு. பதிவு முழுவதையும் அந்தப் பெண் அப்படியே மொழிபெயர்த்துப் படித்தாள், குரலைக்கூடக் குறைக்கவில்லை. மாணவி என்னைப் பார்த்து, “இதை நீங்கள் சொல்லவில்லையே” என்றாள். கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ‘இங்கிதம்’ என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் அத்தனை தூரம் வந்தது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

‘சரிங்க’ என்ற சொல்லையும் அன்று பிரித்துப் பார்த்தோம். ஒப்புதல் படிவத்தைப் படித்து முடித்ததும் எல்லோரும் ‘சரிங்க’ என்றார்கள், நான் ‘சம்மதம்’ என்று எழுதச் சொன்னேன். பல இடங்களில் அது ‘நீ பேசுவது காதில் விழுகிறது’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் ஊரில் போனில் பேசும்போது நாமே எத்தனை ‘சரிங்க’ போடுகிறோம்.

அவர்கள் கற்றுத் தந்தது

ஒருதலையாகவே குற்றம் சொல்வது நியாயமில்லை. எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சுட்டிக்காட்டியவன் ஒரு மாணவன். உயரத்தில் வாழ்பவர்களுக்கு, காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால், உடம்பு கொஞ்சம் அதிகமாகவே ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே கருவியில் வரும் எண்ணிலிருந்து உயரத்துக்கேற்ப ஒரு கழிவு போட்டுவிட்டுத்தான் ரத்தசோகை உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டியில் 1,500 மீட்டர் உயரத்துக்கு, டெசிலிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம் என்று கழிக்கச் சொல்லியிருக்கிறது. 2024-ல் திருத்தியபோது கழிவை இன்னும் கூட்டிவிட்டார்கள். ஏற்காடு ஊர் 1,515 மீட்டரில் இருக்கிறது.

இதன் விளைவு சின்னதல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 11.3 என்று கருவி காட்டினால், 11 என்ற எல்லைக்கு மேலே இருக்கிறார், பரவாயில்லை என்று அனுப்பிவிடுவோம். அரை கிராமைக் கழித்தால் 10.8. அவருக்கு ரத்தசோகை. இத்தனை வருடம் மலையேறிப் பார்த்த நாங்கள் அடிவாரத்து அளவுகோலையே மேலேயும் வைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் ஊரின் உயரமும் வேறு என்பதால் மாணவன் திண்ணைக்குத் திண்ணை கைபேசியில் உயரம் பார்த்துக் குறித்தான். மலைக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. “எங்க வீடு எவ்ளோ ஒசரம் கண்ணு?” என்று பாட்டிகள் வரிசையில் நின்று கேட்டார்கள்.

மாற்றியவை

மிச்சம் இருந்த இரண்டு வாரத்தில் உணவுக் கேள்வியைக் கதையாகக் கேட்டோம். “காலைல எந்திரிச்சதும் அடுப்புல என்ன வெச்சீங்க?” என்று தொடங்கி, சாறு என்றதும் “அதுக்குள்ள என்னென்ன போட்டீங்க?” என்று கேட்பது. அந்தப் பெண் கேட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பேட்டி இன்னும் நீண்டது. ஆனால் பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், அக்கம்பக்கத்தாரும் திருத்தினார்கள். எந்தத் தோட்டத் துண்டில் களைக்கொல்லி அடித்திருக்கிறது, அங்கே கீரை பறிக்கக்கூடாது என்ற தகவலெல்லாம் கேட்காமலே வந்தது. அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

முதல் நான்கு வாரத்தின் கீரை, மாத்திரை விடைகளை அறிக்கையில் சேர்க்கவில்லை. மாணவர்களுக்கு வருத்தம்தான், பாதி உழைப்பு. ரத்த அளவுகள் மட்டும் உயரக் கழிவோடு போயின. எல்லாப் பெண்களுக்கும் அவரவர் அளவைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாள் மழையில் வீடு வீடாகக் கொடுத்தோம். குறைவாக இருந்தவர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு கிராம சுகாதாரச் செவிலியரிடம் சேர்த்தோம். மாமியாரின் கேள்விக்குப் பதில் அது. மருமகளின் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “எனக்குப் பாக்கலயா?” என்றார். ஐம்பதைத் தாண்டியவர் எங்கள் வயது வரம்புக்குள் வரமாட்டார். ஆய்வகப் பெண் ஒன்றும் சொல்லாமல் டப்பாவைத் திறந்தாள்.

பல்கலைக்கழகம் கேட்ட இரண்டு ஆக்கங்களில் ஒன்று ஆங்கில அறிக்கை. இன்னொன்று தமிழில் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். களையோடு வரும் கீரைகளைப் படம் வரைந்து, எதை எப்படிக் களியோடு சேர்க்கலாம், மாத்திரையை எப்போது போடலாம், வெளிக்குக் கறுப்பாகப் போனால் ஏன் பயப்பட வேண்டாம் என்று ஒரு பெரிய தாள். அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வரைந்தது வெளிநாட்டு மாணவி, பெயர் எழுதியது மலைப் பெண். பண்ணைக்கீரைப் பூவின் நிறம் சரியில்லை என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள்.

அடுத்த குழுவுக்கு மூன்று நிபந்தனை எழுதி அனுப்பியிருக்கிறோம். மலையிலிருந்தே ஒருவரை மொழிபெயர்க்க வைத்து அவருக்குக் கூலி தர வேண்டும்; எனக்குத் தருவதைவிடக் குறையக்கூடாது. முதல் வாரமே பதிவைப் போட்டு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வேண்டும். ஜூனுக்குப் பதில் டிசம்பரில் வர வேண்டும், பழம் பறிப்பு நேரத்தில். முதல் இரண்டுக்கும் சம்மதம் வந்துவிட்டது. டிசம்பருக்கு இன்னும் ‘பார்க்கிறோம்’ என்கிறார்கள். அவர்களுக்கு அப்போது தேர்வு.